தாத்தாவின் மழைக் கணக்கைத் துணியில் ஏற்றுவது எப்படி?

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கோத்தகிரிக்கு அருகே ஒரு தேயிலைத் தோட்டத்தில் ரைட்டராக, அதாவது கணக்கு எழுதுபவராக வேலை பார்த்தவர், 1968 முதல் 1997 வரை நாள்தோறும் மழையளவை எழுதிவைத்திருக்கிறார். அந்தப் பதிவேடுகள் இப்போது அவருடைய பேத்தியின் கையில் இருக்கின்றன. பேத்திக்கு ஸ்வெட்டர் பின்னவும் பூத்தையல் போடவும் தெரியும். முப்பது ஆண்டு மழைக் கணக்கைச் சுவரில் மாட்டும் ஒரு கைவேலையாக மாற்ற விரும்புகிறார். எந்தக் கைவேலை பொருந்தும், நிறங்களை எப்படிப் பிரிப்பது, எழுதாமல் விட்ட நாட்களை என்ன செய்வது, நீலகிரிப் பழங்குடியினரான தோடர்களின் பூத்தையல் வடிவங்களைச் சேர்த்துக்கொள்ளலாமா என்று கேட்டிருக்கிறார்.

நூல் வாங்குவதற்கு முன்னால் ஒரு விதியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். எத்தனை நாளுக்கு ஒரு தையல், எந்த அளவு மழைக்கு எந்த நிறம், பதிவு இல்லாத நாளுக்கு என்ன அடையாளம் என்று மூன்று நான்கு வரிகளில் அடங்கும் விதி அது. எழுதிய பிறகு, துணி பார்க்க நன்றாக இல்லை என்ற காரணத்துக்காக அதை நடுவில் மாற்றக் கூடாது. இந்த ஒரு கட்டுப்பாடு இருந்தால் கைவேலை கணக்கையும் சொல்லும், அழகாகவும் இருக்கும். இது இல்லாவிட்டால் மழையின் பெயரைச் சொல்லி நீங்கள் விரும்பிய நிறங்களைத் தைத்ததாகத்தான் முடியும். அதிலும் தவறில்லை, ஆனால் அதற்குத் தாத்தாவின் பதிவேடு தேவையில்லை.

விதி எவ்வளவு எளிமையாக இருக்கலாம் என்பதற்கு ஜெர்மனியில் ஒரு பெண் பின்னிய கழுத்துத் துண்டு நல்ல எடுத்துக்காட்டு. மியூனிக் நகருக்கு ரயிலில் வேலைக்குப் போய்வந்த அவர், 2018 முழுவதும் தம் ரயில் எவ்வளவு தாமதம் என்பதை நாளுக்கு நாள் பின்னினார். ஐந்து நிமிடத்துக்குக் குறைவென்றால் சாம்பல், முப்பது நிமிடம் வரை இளஞ்சிவப்பு, அதற்கு மேல் சிவப்பு. மூன்றே நிறங்கள்தான். ஆனாலும் ரயிலுக்குப் பதிலாக மாற்றுப் பேருந்து ஓடிய கோடை மாதங்கள் எவை என்று துண்டைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். அந்தத் துண்டு இணைய ஏலத்தில் 7,550 யூரோவுக்குப் போனது. பணத்தை ரயில் நிலையங்களில் இயங்கும் ஒரு தொண்டு அமைப்புக்குக் கொடுத்துவிட்டார்கள். அதற்கு முந்திய ஆண்டு, இங்கிலாந்தின் ரெடிங் பல்கலைக்கழகத்தில் காலநிலை அறிவியலாளராக இருந்த எல்லி ஹைவுட், உலகச் சராசரி வெப்பநிலையை ஆண்டுக்கு ஒரு வரிசையாகக் குரோஷாப் போர்வையில் போட்டிருந்தார். இன்று எல்லோருக்கும் தெரிந்த நீல–சிவப்பு ‘வெப்பக் கோடுகள்’ படத்தை அதே பல்கலைக்கழகத்தின் எட் ஹாக்கின்ஸ் 2018-இல் வெளியிட்டார். போர்வை முந்தியது, கணினிப் படம் பிந்தியது. கைவேலையைக் கணினிப் படத்தின் நகல் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லுங்கள்.

நம் பக்கத்திலேயே இதைவிடப் பெரிய சான்று இருக்கிறது. பழனி மலையில், 1899-இல் அமைந்த கொடைக்கானல் சூரிய ஆய்வகத்தில், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து சூரியனை நாள்தோறும் ஒளிப்படம் எடுத்து வந்திருக்கிறார்கள். அத்துடன் நிற்காமல், அட்சக் கோடும் தீர்க்கக் கோடும் வரைந்த வட்டத்தாளில், அன்றன்று சூரியனில் தெரிந்த புள்ளிகளையும் விளிம்பில் எழும் தழல்களையும் வெவ்வேறு நிறத்தில் கையாலேயே குறித்து வைத்தார்கள். நூறு ஆண்டுக்கும் மேலாகத் தொடர்ந்த அந்த வரைபடங்களைப் போட்ட கைகள் மாறிக்கொண்டே இருந்தன; வட்டமும் கட்டங்களும் குறிக்கும் முறையும் தொடர்ந்தன. அதனால்தான் இன்றைய ஆய்வாளர்கள் அவற்றைக் கணினியில் ஏற்றி, எந்த ஆண்டில் எந்த அட்சத்தில் எவ்வளவு செயல்பாடு இருந்தது என்று கணக்கிட முடிகிறது. வரைந்தவர்கள் ஓவியம் வரைவதாக நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் அவற்றை வரிசையாக வைத்துப் பார்த்தால், பதினோரு ஆண்டுக்கு ஒருமுறை புள்ளிகள் பெருகுவதும் குறைவதும் நிறத்திலேயே தெரியும்.

இனி உங்கள் பதிவேட்டுக்கு வருகிறேன். அதை முதலில் தையற்காரியின் கண்ணோடு பார்க்காமல் கணக்குப்பிள்ளையின் கண்ணோடு படிக்க வேண்டும். பழைய தோட்டப் பதிவேடுகளில் மழை பெரும்பாலும் அங்குலத்திலும் சென்டிலும் இருக்கும்; நூறு சென்ட் ஓர் அங்குலம், அதாவது 25.4 மி.மீ. ‘1.20’ என்று எழுதியிருந்தால் ஓர் அங்குலம் இருபது சென்ட், ஏறத்தாழ முப்பது மி.மீ. முப்பது ஆண்டுக்குள் எங்காவது ஒரு பக்கத்தில் அங்குலம் போய் மில்லிமீட்டர் வந்திருக்கலாம். அப்படி மாறிய பக்கத்தைக் கண்டுபிடிக்காமல் தைக்கத் தொடங்கினால், ஒரு குறிப்பிட்ட மாதத்திலிருந்து மழை இருபத்தைந்து மடங்கு பெருகிவிட்டதாகத் துணி சொல்லும். அடுத்ததாக, அளந்த நேரத்தைப் பாருங்கள். வானிலைத் துறை காலை 8.30-க்கு அளந்து, முந்திய இருபத்து நான்கு மணி நேரத்து மழையை அன்றைய தேதியில் எழுதும். தோட்டங்களில் தொழிலாளர்களுக்குப் பெயர் கூப்பிடும் மஸ்டர் நேரத்தில், அதாவது இன்னும் விடியலில் அளப்பது உண்டு. ஆகவே 10-ஆம் தேதியில் எழுதிய மழையில் பெரும்பகுதி 9-ஆம் தேதி பகலிலும் இரவிலும் பெய்ததாகவே இருக்கும். கைவேலைக்கு இது தடையில்லை. வீட்டில் யாருக்காவது நினைவிருக்கும் ஒரு பெருமழை நாளைத் தேடும்போது மட்டும் ஒரு நாள் தள்ளிப் பாருங்கள்.

மூன்றாவதாகப் பார்க்க வேண்டியது ஞாயிற்றுக்கிழமை. தோட்டத்துக்கு விடுமுறை என்பதால் பல இடங்களில் ஞாயிறு காலை அளக்க மாட்டார்கள்; மழைமானியில் சேர்ந்த நீரைத் திங்களன்று மொத்தமாக அளந்து எழுதுவார்கள். பதிவேட்டில் ஞாயிறு தொடர்ந்து வெறுமையாகவோ சுழியாகவோ இருந்து, திங்கள் மற்ற நாட்களைவிடக் கனமாக இருந்தால் காரணம் இதுவே. ஓர் ஆண்டை எடுத்துக் கிழமைவாரியாகக் கூட்டிப் பார்த்தாலே தெரிந்துவிடும். இதைக் கவனிக்காமல் நாளுக்கு ஒரு தையலாகப் போட்டால், ஏழு தையலுக்கு ஒரு வெளிறிய புள்ளியும் அதன் பக்கத்தில் ஒரு கரும்புள்ளியும் ஒழுங்காக வந்துகொண்டே இருக்கும். பார்ப்பவர்கள் அதை மழையின் தாளம் என்பார்கள். உண்மையில் அது ரைட்டரின் விடுமுறை. அந்த விடுமுறையையும் துணியில் காட்டலாமே என்று உங்களுக்குத் தோன்றினால், நாளுக்கு ஒரு தையல் போட அதுவே நல்ல காரணம். தெரிந்து செய்ய வேண்டும், அவ்வளவுதான்.

எத்தனை நாளுக்கு ஒரு தையல் என்ற முடிவுதான் துணியின் அளவையும், அதற்கு ஆகும் நேரத்தையும், அதில் தெரியப் போவதையும் ஒருசேரத் தீர்மானிக்கிறது. கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். அங்குலத்துக்குப் பதினோரு கட்டம் உள்ள மேட்டித் துணியில் நாளுக்கு ஒரு குறுக்குத் தையல், ஆண்டுக்கு ஒரு வரிசை என்று வைத்தால், முப்பது ஆண்டுக்கு ஏறத்தாழ பதினோராயிரம் தையல். துணி 84 செ.மீ. நீளமும் 7 செ.மீ. உயரமும் உள்ள ஒரு நாடாவாக வரும். தையல் குறைவு, பார்க்க நேர்த்தி. ஆனால் ஏறக்குறைய ஒவ்வொரு தையலுக்கும் நிறம் மாறும், பின்பக்கம் சிக்கலாகிவிடும். ஞாயிற்றுச் சிக்கலும் அப்படியே நிற்கும். மாதத்துக்கு ஒரு கட்டம் என்றால் முந்நூற்று அறுபது கட்டங்களில் வேலை முடிந்துவிடும். அதில் பருவம் தெரியும், புயல் தெரியாது: நான்கு நாளில் மலையைக் கரைத்த மழையும் முப்பது நாள் தூறிய மழையும் ஒரே நிறத்தில் உட்கார்ந்துவிடும்.

என் பரிந்துரை வாரத்துக்கு ஒரு கட்டம். வாரத்தை ஞாயிறில் தொடங்கி சனியில் முடியுங்கள். அப்போது அளக்காத ஞாயிறும் அதன் நீரைச் சுமக்கும் திங்களும் ஒரே கட்டத்துக்குள் சேர்ந்துவிடும். ஞாயிறு எந்த ஆண்டில் வருகிறதோ அந்த ஆண்டுக்கு அந்த வாரம் சொந்தம் என்று வைத்தால், பெரும்பாலான ஆண்டுகளுக்கு ஐம்பத்திரண்டு கட்டமும் ஐந்தாறு ஆண்டுக்கு ஒருமுறை ஐம்பத்து மூன்றும் வரும். அந்த ஐம்பத்து மூன்றாவது கட்டத்தை வெட்டி ஒழுங்குபடுத்த வேண்டாம். விளிம்பில் துருத்திக்கொண்டே நிற்கட்டும். கட்டத்துக்கு நான்குக்கு நான்காகப் பதினாறு தையல் போட்டால் 48 செ.மீ. அகலமும் 28 செ.மீ. உயரமும் கொண்ட துணி கிடைக்கும். மொத்தம் இருபத்தையாயிரம் தையல். பழகிய கை மணிக்கு நூற்றைம்பது போடும் என்று வைத்தாலும் நூற்று அறுபது மணி நேரத்துக்கு மேல் ஆகும். மாலையில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் ஐந்தாறு மாதத்தில் முடியும். இதைக் கேட்டு மலைத்தீர்கள் என்றால் மூன்றுக்கு மூன்றாகப் போடுங்கள். வேலை ஏறக்குறைய பாதியாகும்.

ஏன் பின்னலைச் சொல்லவில்லை என்று கேட்பீர்கள். ஓர் ஆண்டை மட்டும் காட்டப் பின்னல் மிக நல்லது. நடுத்தரக் கம்பளி நூலில் பத்து செ.மீ.க்கு இருபத்தெட்டு முப்பது வரிசை வரும். நாளுக்கு ஒரு வரிசை என்றால் ஆண்டுக்கு ஒன்றேகால் மீட்டர், இரண்டு வரிசை என்றால் இரண்டரை மீட்டர். இரண்டு வரிசை போடுவதில் ஒரு வசதி உண்டு: நிறம் மாறும் இடம் எப்போதும் ஒரே ஓரத்தில் விழுவதால் நூல் முனைகளை அங்கேயே மறைத்துவிடலாம். குளிருக்குக் கழுத்தில் சுற்றிக்கொள்ளும் துண்டாக அது பயன்படும். ஆனால் முப்பது ஆண்டை ஒரே நீளமாகப் பின்னினால் 1972 நவம்பரை 1979 நவம்பரோடு கண் ஒப்பிடவே முடியாது. இரண்டுக்கும் நடுவில் பல மீட்டர் துணி இருக்கும். கட்டம் போட்ட துணியில் எல்லா நவம்பரும் ஒன்றன் கீழ் ஒன்றாக நிற்கும். உங்களிடம் இருப்பது முப்பது நவம்பர். அவற்றை ஒன்றுசேரக் காட்டும் வடிவமே உங்களுக்கு வேண்டியது.

அந்த நவம்பர்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். நீலகிரியின் மேற்குச் சரிவான கூடலூர், பந்தலூர், தேவாலா பக்கம் தென்மேற்குப் பருவக்காற்று நேராக வந்து மோதி மேலேறுவதால் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கொட்டித் தீர்க்கும். காற்று தொட்டபெட்டா முகட்டைத் தாண்டிக் கிழக்கே இறங்கும்போது ஈரத்தைப் பெரும்பாலும் இழந்துவிடும். கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் பெருமழை வருவது அக்டோபர், நவம்பர் மாதங்களில், வடகிழக்குப் பருவக்காற்றிலும் வங்கக் கடல் தாழ்வுநிலைகளிலும்தான். எனவே உங்கள் துணியில் கரும்பட்டை வலப்பக்கம், கடைசி பத்துப் பன்னிரண்டு வாரங்களில் விழும். தேவாலாவில் இதே விதியில் யாராவது ஒரு துணி தைத்தால் கரும்பட்டை நடுவில் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டினால், மலை முகட்டின் பெயரை எங்கும் எழுதாமலே முகடு எங்கே இருக்கிறது என்று விளங்கிவிடும். உறவிலோ நட்பிலோ கூடலூர்ப் பக்கம் தோட்டத்தில் இருந்தவர்கள் யாராவது பதிவேடு வைத்திருக்கிறார்களா என்று விசாரித்துப் பாருங்கள்.

நிறப் பிரிவில்தான் பெரும்பாலானோர் தடுக்கி விழுகிறார்கள். மிகக் குறைந்த மழைக்கும் மிக அதிக மழைக்கும் நடுவில் உள்ள தூரத்தை ஏழு சம பங்காக வெட்டி ஏழு நிறம் கொடுப்பது இயல்பாகத் தோன்றும். மழைக்கு அது உதவாது. மழைக் கணக்கில் சுழியும் சிறு அளவுகளும்தான் மிகுதி. பெருமழை அரிது, ஆனால் வரும்போது மிகப் பெரிதாக வரும். 2019 ஆகஸ்ட் 8 காலையோடு முடிந்த ஒரே நாளில் நீலகிரியின் அவலாஞ்சியில் 820 மி.மீ. பதிவானது. அப்படி ஓர் எண் கணக்கில் இருந்துவிட்டால் சமபங்கு முறையில் மற்ற எல்லா நாட்களும் முதல் நிறத்துக்குள் ஒதுங்கிவிடும். துணி முழுக்க வெளிறிக் கிடக்க, ஒரே ஒரு கரும்புள்ளி நிற்கும். நாள் கணக்குக்கு வானிலைத் துறையின் பிரிவுகளை அப்படியே எடுத்துக்கொள்ளலாம்: 2.5 மி.மீ.க்குக் கீழ் மிக இலேசான மழை, 15.5 வரை இலேசானது, 64.4 வரை மிதமானது, 115.5 வரை கனமழை, 204.4 வரை மிகக் கனமழை, அதற்கு மேல் அதிகனமழை. செய்தியில் கேட்டுப் பழகிய சொற்கள் என்பதால் பார்ப்பவருக்கும் விளக்க எளிது.

வாரக் கணக்குக்கு இரட்டித்துச் செல்லும் படிகள் பொருந்தும். தாத்தாவின் அலகிலேயே வைத்துக்கொள்ளுங்கள், மில்லிமீட்டருக்கு மாற்ற வேண்டியதில்லை. மழையே இல்லாத வாரம் ஒன்று. ஐம்பது சென்ட் வரை ஒன்று. பிறகு ஓர் அங்குலம் வரை, இரண்டு வரை, நான்கு வரை, எட்டு வரை, எட்டுக்கு மேல் என்று மொத்தம் ஏழு படிகள். ஒவ்வொரு படியும் முந்தியதன் இரு மடங்கு. பதினாறு அங்குலத்தைத் தாண்டிய வாரம் ஏதேனும் இருந்தால் அதற்கு மட்டும் எட்டாவதாகக் கறுப்பு நூலை வைத்துக்கொள்ளலாம். 1978 நவம்பரிலும் 1993 நவம்பரிலும் குன்னூர், கோத்தகிரிப் பக்கம் பெரும் நிலச்சரிவுகள் நடந்தன. 1993-இல் மரப்பாலத்தில் சாலையும் மலை ரயில் பாதையும் சேர்ந்து அடித்துச் செல்லப்பட்டன. அந்த வாரங்களில் உங்கள் பதிவேடு என்ன சொல்கிறது என்று முதலில் பாருங்கள். எண் பெரிதாக இருந்தால் நிறமே அதைச் சொல்லிவிடும். சிவப்பு மணியோ தங்க இழையோ தனியாக வைக்க வேண்டாம். ஒருவேளை அன்று உங்கள் தோட்டத்தில் மழை அவ்வளவு இல்லை என்றால், அதுவும் மலையில் நடக்கக் கூடியதே. ஒரே இரவில் பக்கத்துப் பள்ளத்தாக்கில் கொட்டி, இங்கே தூறலோடு விட்டிருக்கலாம். செய்தியைப் பார்த்து நிறத்தைத் திருத்தாதீர்கள்.

ஏழு படிக்கும் ஒரே நிறத்தின் ஏழு சாயல்களை வெளிறியதிலிருந்து அடர்ந்தது வரை வரிசையாக எடுப்பது பாதுகாப்பானது. வானவில் நிறங்களை வைத்தால் மஞ்சளுக்கும் பச்சைக்கும் எது அதிகம் என்று பார்ப்பவர் ஒவ்வொரு முறையும் விளக்கத்தைத் தேட வேண்டும்; சிவப்பையும் பச்சையையும் பிரித்துப் பார்க்க முடியாத ஆண்களும் கணிசமாக இருக்கிறார்கள். கடையில் நூல்கண்டுகளை வரிசையாக அடுக்கி, கைப்பேசியில் கறுப்பு–வெள்ளையாக ஒரு படம் எடுங்கள். ஏழும் படிப்படியாகக் கறுத்துத் தெரிந்தால் சரி. இரண்டு ஒன்றாகத் தெரிந்தால் ஒன்றை மாற்றுங்கள். நிறம் நீலமாகத்தான் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. மூடுபனி வெள்ளையில் தொடங்கி, தழைந்த தேயிலையின் கரும்பச்சை வரை போகலாம். ஒரே நிறத்துக்கு வேண்டிய நூலை ஒரே லாட்டில், அதாவது ஒரே தடவையில் சாயம் தோய்த்த தொகுதியில் வாங்கிவிடுங்கள். லாட் மாறினால் சாயம் மாறும், 1983-இல் ஏதோ நடந்துவிட்டதுபோல ஒரு கோடு தெரியும்.

எழுதாமல் விட்ட நாட்களைப் பற்றித் தனியாகக் கேட்டிருந்தீர்கள். மழை இல்லை என்பதும் பதிவு இல்லை என்பதும் வேறு வேறு. முன்னதற்கு வெள்ளை நூலில் தையல் போடுங்கள். பின்னதற்குத் தைக்காமல் துணியை அப்படியே விடுங்கள். துணி தூய வெள்ளையாக இல்லாமல் பழுப்பேறிய காடா நிறத்தில் இருந்தால் இந்த இரண்டும் தெளிவாகப் பிரிந்து தெரியும். ஒரு வாரத்தில் மூன்று நாளுக்கு மேல் பதிவு இல்லை என்றால் கட்டம் முழுவதையும் விட்டுவிடுவது என்று ஓர் எல்லை வைத்துக்கொள்ளலாம். பக்கத்துத் தோட்டத்து எண்ணையோ முந்திய ஆண்டுச் சராசரியையோ போட்டு நிரப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. வெறும் துணியாக நிற்கும் மூன்று கட்டங்கள் தாத்தா மருத்துவமனையில் இருந்த நாட்களாக இருக்கலாம், வேலைநிறுத்தமாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் அது அந்தப் பதிவேட்டின் வரலாறு.

தைக்கும் வேலையைப் பற்றி இரண்டொரு செய்திகள். பதினோரு கட்ட மேட்டிக்கு ஆறு இழை நூலிலிருந்து மூன்று இழை பிரித்தெடுத்தால் போதும். நிறம் நிறமாகத் தைத்துவிட்டால் வேகம் கூடும் என்பார்கள். நான் தேதி வரிசையில், ஓர் ஆண்டு முடித்து அடுத்த ஆண்டு என்று போகச் சொல்வேன். ஏழு ஊசியில் ஏழு நிறம் கோத்து, தேவைப்படாத ஊசிகளைத் துணியின் ஓரத்தில் குத்தி வைத்துக்கொள்ளலாம். பதிவேட்டை ஒருவர் வாசிக்க நீங்கள் தைத்தால் பிழையும் குறையும். பின்பக்கம் நூலை இழுத்துச் செல்வதில்தான் கவனம் வேண்டும். கறுத்த நூலை வெள்ளைக் கட்டங்களின் பின்னால் இழுத்துச் சென்றால் முன்பக்கம் நிழலாகத் தெரியும். ஜனவரி, பிப்ரவரியின் வறண்ட வாரங்கள் அழுக்குப் பட்டவைபோல ஆகிவிடும். மூன்று நான்கு தையலுக்கு மேல் இடைவெளி வந்தால் நூலை வெட்டி முடித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள்.

தோடர் பூத்தையலைப் பற்றி. கட்டமோ வரைபடமோ சட்டமோ இல்லாமல், முரட்டு வெள்ளைப் பருத்தித் துணியின் இழைகளை எண்ணி எண்ணியே சிவப்பிலும் கறுப்பிலும் அவர்கள் போடும் தையலைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்களுக்கு, எண்ணைத் துணியில் ஏற்றுவது நமக்குப் புதிதாகத் தோன்றிய யோசனையே தவிர இந்த மலைக்குப் புதிதல்ல என்பது தெரியும். அதன் வடிவங்கள் அவர்களுடைய போர்வையான பூத்துக்குளியோடும், சடங்குகளோடும், இறுதிச் சடங்கோடும்கூடப் பிணைந்தவை. 2013-இல் அதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. ஆகவே அந்த வடிவங்களைப் படம் பார்த்து எடுத்து, இந்த வடிவம் என்றால் கனமழை, அந்த வடிவம் என்றால் தூறல் என்று பயன்படுத்துவதை நான் ஏற்க மாட்டேன். ஏற்கெனவே பொருள் உள்ள ஒன்றின் மேல் நம் பொருளை ஏற்றுவதாக அது ஆகிவிடும். இழை எண்ணித் தைக்கும் முறை உலகமெங்கும் இருப்பது. அதை யாரும் பயன்படுத்தலாம். தோடர் கைவேலை உங்கள் துணியில் இருக்க வேண்டும் என்று விரும்பினால், கரைப் பட்டையைத் தைக்க ஒரு தோடப் பெண்மணியையே கேளுங்கள். என்ன வடிவம் என்பதை அவர் முடிவு செய்யட்டும். அவர் சொல்லும் கூலியைப் பேரம் பேசாமல் கொடுத்து, துணியின் பின்னால் அவர் பெயரையும் உங்கள் பெயருக்குச் சமமாகத் தையுங்கள்.

இன்னொன்றும் சேர்க்கலாமா என்ற ஆசை நடுவழியில் கட்டாயம் வரும்: பச்சைத் தேயிலை எடை, உறைபனி விழுந்த நாட்கள், குறிஞ்சி பூத்த ஆண்டுகள். உங்கள் முப்பது ஆண்டுக்குள் குறிஞ்சி 1970, 1982, 1994 என மூன்று முறை பூத்திருக்கிறது; ஓரத்தில் மூன்று ஊதாத் தையல் வைத்தால் அழகாகத்தான் இருக்கும். ஆனால் ஒரே துணியில் இரண்டு கணக்கு நின்றால் பார்ப்பவர் மனம் உடனே முடிச்சுப் போட்டுவிடும். குறிஞ்சியின் பன்னிரண்டு ஆண்டுச் சுற்றையும் சூரியப் புள்ளிகளின் பதினோரு ஆண்டுச் சுற்றையும் எடுத்துக்கொள்ளுங்கள். 1958-இல் சூரியப் புள்ளிகள் உச்சத்தில் இருந்தன. அதே ஆண்டில் குறிஞ்சியும் பூத்தது. அந்த ஓர் ஆண்டை மட்டும் தைத்துக் காட்டினால் சூரியன்தான் பூவைத் திறந்தது என்று நம்பாதவர் இருக்க மாட்டார். 2006 வரை தைத்துக்கொண்டே போனால், பூ மலர்ந்த அந்த ஆண்டில் சூரியன் ஏறக்குறைய அடங்கிக் கிடப்பதைக் காணலாம். பன்னிரண்டும் பதினொன்றும் கொஞ்ச காலம் சேர்ந்து நடந்து பிரிந்துவிடும் எண்கள். எனவே மழைத் துணியில் மழை மட்டும் இருக்கட்டும். தேயிலை எடைக்கு ஆசை என்றால் அதே அளவில் இன்னொரு துணி தையுங்கள்.

வட்டங்களாகவோ பொட்டுகளாகவோ செய்ய நினைப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை: விட்டத்தை இரட்டித்தால் பரப்பு நான்கு மடங்காகும், கண் பரப்பையே பார்க்கும். 1858-இல் ஃபிளாரன்ஸ் நைட்டிங்கேல் படைவீரர்களின் சாவுக் கணக்கை இதழ் இதழாக வரைந்தபோது பரப்பையே எண்ணுக்கு ஈடாக வைத்தார். சதுரக் கட்டத்தில் நிறத்தை மட்டும் மாற்றும் உங்கள் முறையில் இந்தச் சிக்கலே எழாது.

முடிந்த துணியை மலை வீட்டில் பாதுகாப்பது தனி வேலை. பருவமழை நாட்களில் சுவரே வியர்க்கும். கண்ணாடி துணியைத் தொட்டுக்கொண்டிருந்தால் பூஞ்சணம் பிடிக்கும். சட்டத்துக்கும் துணிக்கும் நடுவில் கட்டைவிரல் அகலம் இடைவெளி விட்டு, பின்பலகையில் காற்றுப் போக வழி செய்யச் சொல்லுங்கள். நேர் வெயில் படும் சுவர் வேண்டாம். இந்த உயரத்து வெயில் சாயத்தைச் சீக்கிரம் வெளுக்கும். விதியைத் தமிழில் எழுதி, தோட்டம் இருந்த இடம், ஆண்டுகள், அளந்தவர் பெயர், நிறங்களின் பொருள் எல்லாவற்றையும் ஒரு காடாத் துண்டில் தைத்துப் பின்னால் இணைத்துவிடுங்கள். பதிவேடுகளை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்து இரண்டு இடங்களில் சேமித்து வையுங்கள். துணி அதற்கு மாற்று ஆகாது. வாரமாகக் கூட்டியபோதே நாள் போய்விடுகிறது.

தொடக்கமாக, 1978-ஆம் ஆண்டுப் பிப்ரவரியின் நான்கு வாரங்களையும் நவம்பரின் நான்கு வாரங்களையும் மட்டும் ஒரு சிறு துண்டில் தைத்துப் பாருங்கள். எட்டுக் கட்டம், நூற்று இருபத்தெட்டுத் தையல், ஒரு மாலையில் முடிந்துவிடும். மிச்சத் துணியில் அந்த எட்டில் வராத நிறங்களையும் ஒவ்வொரு கட்டம் போட்டு, மாட்டப் போகும் சுவரிலேயே குத்தி வைத்து, பகலிலும் விளக்கு வெளிச்சத்திலும் ஆறடி தள்ளி நின்று பாருங்கள். நடுவில் உள்ள இரண்டு மூன்று சாயல்கள் ஒன்றோடொன்று கலந்து தெரிந்தால் நூலை மாற்றிவிட்டு, விதியையும் அதற்கேற்ப ஒருமுறை திருத்தி எழுதிக்கொண்டு, பிறகு 1968-இன் முதல் ஞாயிறிலிருந்து தொடங்குங்கள்.